எதிர்ச்சத்தம்

“கேக்காம இருக்கத்தானுங்க்கா இந்த மெஷினே. கேக்கலீன்னு புகார் குடுக்க வந்த மொத ஆளு நீங்கதான்.”

“சிரிக்காதீங்க தம்பி. கேக்க வேண்டியது கேக்கல.”

“என்ன கேக்கலீங்க?”

“எம் பொண்ணு மூச்சு.”

அருணகிரியின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. ‘மென்காற்று’ குடியிருப்பின் குளிர்காற்று இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளன் அவன். கட்டடத்தின் அடித்தளத்தில், அவன் முதுகுக்குப் பின்னால், ஆள் உயர விசிறிகள் தகரப் பெட்டிகளுக்குள் சுழன்றுகொண்டிருந்தன. கோயம்புத்தூரின் மஞ்சள் புகையை உள்ளே இழுத்து, வடிகட்டி, குளிரவைத்து, இருபத்திரண்டு மாடிகளுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தன. ஆனால் அந்த அறையில் அவன் நாற்காலி கிறீச்சிடுவது மட்டும்தான் கேட்டது.

அவன் எதிரில் நின்றிருந்த பூங்கோதை ஒன்பதாவது மாடிக்காரி. திருப்பூர் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே உடுப்பு மாதிரிகள் வரைந்து கொடுப்பவள். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு போட்டிருந்தாள்.

“மூச்செல்லாம் யாருக்குங்க கேக்கும்? என்ர மூச்சு எனக்கே கேக்கறதில்ல.”

“உங்களுக்கு இழுப்பு இல்ல. அவளுக்கு இருக்குது. கைக்குழந்தையா இருந்தப்பவே வந்துருச்சு. இழுக்கும்போது விசில் அடிக்கிறாப்ல ஒரு சத்தம் வரும். நான் எத்தன அசந்து தூங்கினாலும் அந்தச் சத்தத்துக்கு எந்திரிச்சுருவேன். இந்த வீட்டுக்கு வந்த பொறவு புகைக்குப் பயந்து அவள வெளியவே கொண்டு போறதில்ல. சத்தமும் வர வரக் கொறஞ்சுது. அப்பறம் சுத்தமா நின்னே போச்சு. நல்ல காத்துதான் காரணம்னு நெனச்சேன் தம்பி. தெனமும் அடிக்கிற மருந்தக்கூட நிறுத்திப்போட்டேன்.”

கையிலிருந்த போனை அவனிடம் காட்டித் தொடர்ந்தாள்.

“இன்னிக்குக் காலைல அவங்கப்பா சூரத்துல இருந்து கூப்பிட்டாரு. பாப்பா போன வாய்கிட்ட வெச்சுப் பேசிட்டு இருந்தா. நான் ஒட்டி உக்காந்து தல சீவி விட்டுட்டு இருக்கேன். போன எங்கிட்டக் குடுக்கச் சொன்னாரு. ‘பாப்பாவுக்கு ஏன் இப்பிடி இழுக்குது, டாக்டர்ட்டக் காட்டுனியா?’ன்னாரு. இழுக்குதா? எங்க இழுக்குது? ‘பூங்கோதை, விசில் சத்தம் எனக்கு இங்க கேக்குது’ங்கறாரு. ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் அவருக்குக் கேக்குது. மடியில வெச்சுருக்கற எனக்குக் கேக்கல.”

அதன்பிறகு செய்ததை அவளால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. குழந்தையின் நெஞ்சில் காதை வைத்திருக்கிறாள். உள்ளே அது இருந்தது. பூட்டிய வீட்டின் கதவிடுக்கில் காற்று நுழையப் பார்ப்பதுபோன்ற அதே பழைய ஓசை. காதை எடுத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி வைத்தாள். இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது மிருதுளாவின் உதடுகள் நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தன. குழந்தை நாவல்பழம் தின்றிருக்கவில்லை.

“ஆஸ்பத்திரி?” என்றான் அருணகிரி.

“டாக்டர் போன்ல பேசினாரு. இந்தப் புகைக்குள்ள வெளிய கொண்டு வந்தா இன்னும் மோசமாகும்னுட்டாரு. மருந்து அடிச்சிருக்கேன், கொஞ்சம் தேவல. வீட்லயே வெச்சுக்கிட்டு சத்தத்தக் கவனிச்சுட்டே இருக்கோணும்னாரு. சத்தம் கூடினாலும் கூப்பிடுங்க, ஆனா திடீர்னு நின்னுச்சுன்னா அந்த நிமிசமே கூப்பிடுங்கன்னாரு. இழுப்புல சத்தம் நிக்கறதுதான் பயமாம். காத்தே போகலீன்னு அர்த்தமாம்.” அவள் அவனுடைய மேசையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு எப்பவுமே நின்ன மாதிரித்தான் இருக்குது தம்பி. எது நல்ல நிக்கறது, எது கெட்ட நிக்கறதுன்னு நான் எப்பிடிக் கண்டுபிடிக்க?”

அருணகிரி எழுந்துவிட்டான். “இப்பப் பாப்பா யாருகூட?”

“பக்கத்து வீட்ல, ரங்கநாயகி அக்காகூட. நெஞ்சு மேல வெச்ச கையை எடுக்கவே கூடாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

“நடங்க, பேசிட்டே போலாம்.”

லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது அவன் சுவரின் மேல்பக்கம் இருந்த காற்றுவாயைக் காட்டினான். துவாரங்களிட்ட சின்ன அலுமினியத் தட்டு. ஒவ்வொரு அறையிலும் ஒன்று உண்டு.

“அதுக்குள்ள ஒரு மைக்கும் ஒரு ஸ்பீக்கரும் இருக்குதுங்க. ஒரு சத்தம் வந்தா அதத் தலகீழாத் திருப்பி இதுவும் ஒரு சத்தம் போடும். அது ஏறும்போது இது எறங்கும். ரெண்டும் ஒண்ண ஒண்ணு தின்னு தீத்துரும். விசிறிச் சத்தம் வீட்டுக்குள்ள வராம இருக்கத்தான் இத வெச்சது. பழைய கட்டடத்துல எல்லாம் காத்துக் குழாய்க்கு உள்ளார பஞ்சுமெத்த மாதிரி ஒட்டுவாங்க, குழாயப் பெருசாப் போடுவாங்க, விசிறிக்குக் கீழ ரப்பர் வெப்பாங்க. இங்க அது ஒண்ணுமே கெடையாது. வெறும் தகரம். எல்லாத்தையும் இதுவே பாத்துக்கும்னு விட்டுட்டாங்க.”

“விசிறிச் சத்தத்தத் திங்கட்டும். எம் பொண்ணு மூச்ச ஏன் திங்குது?”

லிஃப்ட் வந்தது. கதவு மூடியபின்தான் அவன் பதில் சொன்னான்.

“அதுக்கு எது வேண்டாத சத்தம்னு தெரியோணுமில்லீங்களா? அத சனங்ககிட்ட இருந்து தானாக் கத்துக்கும். யாராச்சும் ஒரு சத்தத்தப் பத்திக் கொற சொன்னா, அதுக்கு முந்தி என்ன கேட்டுச்சோ அத எடுத்து வெச்சுக்கும். ரெண்டு மூணு தடவ அதே மாதிரிச் சொன்னா அந்தச் சத்தத்தக் கரைச்சுரும். கம்பெனி எங்கியோ வெளிநாட்டுல இருக்குது. அங்கிருந்து கேட்டாங்க, உங்க ஊர்ல தொல்லையா ஒரு சத்தம் வந்தா சனங்க என்ன சொல்லுவாங்கன்னு.”

“என்ன சொன்னீங்க?”

“வேற என்னங்க சொல்லுவோம்? ‘என்ன சத்தம் அது?’ன்னுதான.”

லிஃப்ட் நான்காவது மாடியைக் கடந்தது.

“அது கொற இல்ல தம்பி. அது கேள்வி.”

“மெஷினுக்கு அந்த வித்தியாசம் தெரியாதுங்க. நமக்கு இரைச்சலும் சத்தம், குரலும் சத்தம், திட்டுனா சத்தம் போடறது. எங்க அப்பிச்சி காலத்துல வண்டி வாடகைக்குக்கூடச் சத்தம்னுதான் பேரு.” சிரிக்க முயன்று, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். “உங்க வீட்ல யாரு அப்பிடிக் கேட்டிருப்பாங்க?”

கேட்டது வேறு யாருமில்லை. குடிவந்த புதிதில் ஒவ்வோர் இரவும் அந்த மெல்லிய விசில் தொடங்கியவுடன் அவள்தான் எழுந்து, குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே, ‘என்ன கண்ணு சத்தம் அது, என்ன சத்தம்?’ என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வேறெந்த ஓசையைப் பற்றியும் அவள் அத்தனை முறை கேட்டதில்லை. அவள் எதைக் கேட்டு அதிகம் பயந்தாளோ அதையே, ஒரு நல்ல வேலைக்காரனைப்போல, இந்த வீடு அவளுக்காகத் துடைத்து எடுத்திருக்கிறது.

“அப்பன்னா மத்த வீட்ல?” என்றாள் திடீரென்று. “பாத்திரம் விழுந்தா கேப்போம். யாராச்சும் கீழ விழுந்தா கேப்போம். பக்கத்து வீட்ல ஒரு பொம்பள கத்துனா, மொதல்ல அதத்தான கேப்போம்?”

அருணகிரி தரையைப் பார்த்தான். “இப்பத்தானுங்க நானும் அத யோசிக்கறேன்.”

ரங்கநாயகியின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூடத்து சோபாவில் மிருதுளா மல்லாந்து கிடந்தாள். கண் மூடியிருந்தது. ஒரு கை சோபாவுக்கு வெளியே தொங்கியது. பக்கத்தில் யாருமில்லை. தொலைக்காட்சியில் ஒரு பொம்மைக் கரடி குதித்துக்கொண்டிருந்தது. வீடு முழுக்க, தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் அப்படியோர் அமைதி.

பூங்கோதை எப்படிக் கூடத்தைக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முழங்காலில் விழுந்து காதை நெஞ்சில் அழுத்தினாள். முதலில் தன் காதுக்குள் அடித்துக்கொண்ட தன் ரத்தம்தான் கேட்டது. அதற்கும் அடியில், வெகு தூரத்தில், அது இருந்தது. மெலிந்துபோய், நூல்போல.

“தூங்கறா அம்மிணி, பயப்படாத.” ரங்கநாயகி சமையலறையிலிருந்து ஒரு தம்ளருடன் ஓடிவந்தாள். ஐம்பது வயதிருக்கும். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். “சுடுதண்ணி எடுக்கப் போனேன். ஒரு நிமிசம் ஆகல.”

“கையை எடுக்காதீங்கன்னு சொன்னேனுங்களே அக்கா!”

“கூப்பிட்டாக் கேக்கற தூரத்துலதான...” என்று தொடங்கிய ரங்கநாயகி பாதியில் நின்றாள். அவள் சொன்னது அவளுக்கே உறைத்துவிட்டது.

அருணகிரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னான். ஒரு சத்தத்தை மட்டும் பட்டியலிலிருந்து எடுக்க முடியாதா என்று பூங்கோதை கேட்டாள்.

“உப்பப் போட்டுக் கலக்குன தண்ணிங்க்கா. இந்த உப்பு யாரு போட்டதுன்னு பிரிக்க முடியாது. எடுத்தா மொத்தமா எடுக்கோணும். காத்து வரும். சத்தத்த அழிக்கறது மட்டும் நின்னுரும். அதுக்குச் செயலாளரோட விரல் ரேகை வேணும்.” அவன் தன் கைக்கருவியை ரங்கநாயகியின் முன் நீட்டினான். “இதுல வெச்சீங்கன்னாப் போதுங்கம்மா.”

ரங்கநாயகி கையை நீட்டவில்லை. தம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“மொத்தமாவா?”

“ஆமாங்கம்மா.”

“எல்லா வீட்டுக்குமா?”

“அக்கா, பாப்பாவப் பாருங்க,” என்றாள் பூங்கோதை.

“பாக்கறேன் சாமி. பாத்துட்டுத்தான் இருக்கறேன்.” ரங்கநாயகியின் கண்கள் குழந்தைமேல் இல்லை. உள்ளறை வாசலின்மேல் இருந்தன.

அங்கே அவள் கணவர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. பெரிய மனிதர், சலவை வேட்டி. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. வாய் அகலத் திறந்து திறந்து மூடியது. விரல் ரங்கநாயகியை நோக்கி நீண்டு நீண்டு குத்தியது. முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. அந்த வாயிலிருந்து அடுத்த தெருவில் யாரோ முனகுவதுபோல் ஏதோ ஒன்று கசிந்தது, அவ்வளவுதான்.

பூங்கோதை மிருதுளாவைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். கத்தல் கேட்டிருந்தால்கூட அவளுக்கு இத்தனை பயம் வந்திருக்காது.

“மீன் தொட்டியாட்ட இருக்குதில்ல?” ரங்கநாயகி சின்னக் குரலில் சொன்னாள். “கல்யாணமான நாள்ல இருந்து இதேதான். அடிக்க மாட்டாரு. வாய்தான். காலைல காபில ஆரம்பிச்சா விளக்கு அணைக்கற வரைக்கும். பேரன் வந்திருந்தப்ப ‘என்ன சத்தம் ஆத்தா’ன்னு கேட்டுட்டே இருந்தான். அதுக்கப்பறந்தான் கொறஞ்சுது போல. நாங்கூட எனக்குக் காது போயிருச்சுன்னு நெனச்சேன். காது போனா இத்தன நிம்மதியான்னு, பூண்டிக் கோயிலுக்கு நடந்தே போயிட்டு வந்தேன்.”

அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவளும் அந்தப் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினாள். பழக்கம்.

“எத்தன நேரத்துக்கு நிறுத்துவீங்க?”

“பாப்பா நெஞ்சு சரியாகற வரைக்கும்,” என்றாள் பூங்கோதை. அது பொய் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அந்த நெஞ்சு எப்போது சரியாகியிருக்கிறது?

ரங்கநாயகி தம்ளரைக் கீழே வைத்தாள். மிருதுளாவின் உதடுகளைப் பார்த்தாள். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, கருவியின் கண்ணாடியில் வைத்தாள். விரலில் ஈரம் போகாததால் முதல் தடவை பதியவில்லை. இன்னொரு முறை துடைத்துவிட்டு, அழுத்தி வைத்தாள்.

“கீழ போயி நிறுத்தறேன்,” என்று அருணகிரி ஓடினான். “மொதல்ல பெருசா வருமுங்க. பயந்துராதீங்க. உடனே விசிறி வேகத்தக் கொறச்சுருவேன்.”

அவன் சொல்லியிருந்தும் அவர்கள் பயந்தார்கள்.

அது காற்றுவாயிலிருந்து வரவில்லை, கட்டடத்தின் எலும்புகளிலிருந்து வந்தது. மலையைக் குடைந்துகொண்டு ஒரு ரயில் சுவருக்குள் நுழைந்ததுபோல. தகரக் குழாய்கள் அதிர்ந்தன. கண்ணாடி அலமாரியில் கிண்ணங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. இத்தனை வருடமாக இதற்கு நடுவிலா சாப்பிட்டோம், தூங்கினோம் என்று பூங்கோதை சுவர்களைச் சுற்றிப் பார்த்தாள். இந்தப் பேரோசை ஒரு நொடிகூட நின்றதில்லை. அவர்கள் தலைமாட்டிலேயே நின்று கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

மிருதுளா திடுக்கிட்டு விழித்தாள். கண்கள் விரிந்தன. வாய் திறந்து அழுதாள். அழுகை கேட்கவில்லை. இப்போது அதை மூழ்கடித்தது அந்த இரைச்சல். பூங்கோதை குழந்தையின் காதுகளைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு ரயில் தூரம் போகத் தொடங்கியது. அருணகிரி வேகத்தைக் குறைத்துவிட்டான். இரைச்சல் தேய்ந்து தேய்ந்து, ஓட்டின்மேல் பெய்யும் மழையளவுக்கு வந்து நின்றது. அந்த மழைக்கு நடுவே ஒவ்வொன்றாக மற்றவை எழுந்தன. மேல்மாடியில் ஒரு நாய் குரைத்தது. அங்கே நாய் இருப்பதே பூங்கோதைக்குத் தெரியாது. எங்கோ தண்ணீர்க் குழாய் சொட்டியது. எங்கோ ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். இப்போது தொடங்கிய அழுகை அல்ல. நெடுநேரமாக யாரும் கேட்காமல் களைத்துப்போன அழுகை.

“...சோத்துக்குக் கேடு! பூமிக்குப் பாரம்! உங்கப்பன் வீட்ல இருந்து...”

உள்ளறை வாசலிலிருந்து அந்தக் குரல் அறைக்குள் வெடித்தது. ரங்கநாயகி தோள்களைக் குறுக்கிக் கண்களை மூடிக்கொண்டாள். ஆனால் வாக்கியம் முடியவில்லை. அவர் பாதி வார்த்தையில் நின்றுவிட்டார். யார் பேசியது என்பதுபோல் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாருமில்லை. கையால் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பூங்கோதை அவரைக் கவனிக்கவில்லை. அவள் காத்திருந்தது வந்துவிட்டது.

விசில். மெல்லிய, ஈரமான, வளைந்து நெளியும் விசில். காதை வைக்காமலே, ஒரு கை தூரத்திலிருந்தே கேட்டது. உள்ளே போகும்போது கொஞ்சம், வெளியே வரும்போது நிறைய. காற்று போகிறது, காற்று வருகிறது. உலகத்திலேயே அவள் அதிகம் வெறுத்த ஓசை அது. இப்போது அவளுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. “கேக்குதுங்க்கா,” என்றாள் ரங்கநாயகியிடம். “எனக்குக் கேக்குது.” மருந்துக் குழலை எடுத்துக் குலுக்கினாள்.

மிருதுளா அழுகையை நிறுத்தியிருந்தாள். தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்டாள். அறையின் மூலைகளைப் பார்த்தாள். சோபாவுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு மெல்லக் குனிந்து, தன் சட்டையின் பொத்தான்களைப் பார்த்தாள். மூச்சை நிறுத்தினாள். அந்த ஓசை நின்றது. மூச்சை விட்டாள். அது வந்தது.

இந்த வீட்டுக்கு வரும்போது அவளுக்கு நடக்கக்கூட வராது. இப்போது ஐந்து வயது. நினைவு தெரிந்து அவள் அதைக் கேட்டதே இல்லை.

அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைப் பூங்கோதை பார்த்தாள். குழந்தை தன் உடம்பை விட்டே நகரப் பார்ப்பதுபோல் சோபாவின் முதுகில் ஒட்டிக்கொண்டது. பயத்தில் மூச்சு வேகமெடுத்தது. வேகமெடுக்க எடுக்க விசில் உரத்தது. உரக்க உரக்க அவள் இன்னும் பயந்தாள்.

“ஒண்ணுமில்ல கண்ணு. அது நீதான் சாமி. வாயைத் தொற, மருந்து அடிக்கலாம்.”

மிருதுளா வாயை இறுக மூடிக்கொண்டாள். இரண்டு கைகளாலும் நெஞ்சைத் தன்னிடமிருந்து தள்ளிப்பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, உள்ளே இருப்பதற்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல், அம்மாவின் காதருகில் வந்தாள்.

“எனக்குள்ள யாரோ இருக்காங்கம்மா. வெளிய போகச் சொல்லு.”